கண்ணாடிக்குள் ஒரு வானவில் ஒளிந்திருக்கிறது... தெரியுமா?

போன வாரம் உச்சி வெயிலில் ஒரு சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் ஒரு வெள்ளைக் கார். அதன் பின்பக்கக் கண்ணாடி முழுக்க வரிசை வரிசையாகக் கருநீலப் புள்ளிகள்! சிறுத்தைத் தோலை இழுத்து ஒட்டியது போல இருந்தது. ஸ்டிக்கரா, அழுக்கா என்று பார்க்கக் கூலிங் கிளாஸைக் கழற்றினேன். புள்ளிகளைக் காணோம்! மறுபடி போட்டேன். அத்தனையும் அதே இடத்தில்! தலையை ஒரு பக்கம் சாய்த்தால் மங்கின, நிமிர்ந்தால் பளிச்சென்று வந்தன. பச்சை விழும் வரை அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் புள்ளிகள் என்ன தெரியுமா? அந்தக் கண்ணாடி பிறந்த அன்று அதன்மேல் வீசிய காற்றின் தடம்!

காரின் பக்கவாட்டு, பின்பக்கக் கண்ணாடிகளைக் கடைக்காரர்கள் 'டஃபன்டு கிளாஸ்' என்பார்கள். சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கும் மேலே, இளகத் தொடங்கும் அளவுக்குச் சூடாக்குகிறார்கள். உலையை விட்டு வெளியே வந்த கணமே மேலும் கீழும் வரிசையாக நிற்கும் காற்றுக் குழாய்கள் அதன்மீது குளிர்காற்றைப் பீய்ச்சி அடிக்கின்றன. மேல்தோல் சட்டென்று இறுகிவிடுகிறது. உள்ளே இன்னும் சூடு. அந்த உட்பகுதி பிறகு ஆறும்போது சுருங்கப் பார்க்கிறது, ஏற்கெனவே விறைத்துவிட்ட தோலோ விட்டுக்கொடுக்க மறுக்கிறது. முடிவில் தோல் முழுக்க அமுக்கம், வயிறு முழுக்க இழுவிசை. இந்த மல்லுக்கட்டு ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, அந்தக் கண்ணாடி உடையும் நாள் வரை நடக்கிறது! வெளியிலிருந்து யாரும் அழுத்தாமலே பொருளுக்குள் தங்கிவிடும் இந்த இறுக்கத்துக்குத்தான் எஞ்சிய தகைவு என்று பெயர்.

நம் கண்ணுக்கு அது தெரியாது. கண்ணாடி எப்போதும் போலத் தெளிவாகவே இருக்கும். ஆனால் ஒளிக்குத் தெரியும்!

எப்படி? சாதாரண ஒளி எல்லாத் திசைகளிலும் அதிர்கிறது. அதை ஒரே தளத்தில் மட்டும் அதிரும்படி வடிகட்டினால் அதைத் தளவிளைவுற்ற ஒளி என்கிறோம். போலராய்டு கூலிங் கிளாஸ் செய்கிற வேலை இந்த வடிகட்டல்தான். அப்படிப்பட்ட ஒளி இறுக்கம் உள்ள கண்ணாடிக்குள் நுழைந்தால் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. அமுக்கம் இருக்கும் திசையில் அதிரும் கதிர் ஒரு வேகத்தில் போகிறது, அதற்குச் செங்குத்தாக அதிரும் கதிர் இன்னொரு வேகத்தில் போகிறது. ஒன்று முந்த, மற்றது பிந்த, வெளியே வந்து இன்னொரு வடிகட்டி வழியாக மறுபடி சேரும்போது சில நிறங்களில் அந்த இரண்டு கதிர்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, மற்றவை மிஞ்சுகின்றன. அந்த மிச்சம்தான் நாம் பார்க்கும் நிறம்!

அந்தப் பிந்தல் எவ்வளவு நுணுக்கமானது தெரியுமா? ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 10 கிலோ எடை வைத்து அழுத்துவதற்குச் சமமான இறுக்கம், 1 சென்டிமீட்டர் தடிமனுள்ள சாதாரணக் கண்ணாடியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கதிர் மற்றதைவிடச் சுமார் 27 நானோமீட்டர் பின்தங்கும். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு! அதை நம் வெறுங்கண்ணுக்குக் காட்டிக்கொடுக்க இரண்டு போலராய்டு துண்டுகள் போதும். இறுக்கம் கூடக் கூட, கருமை சாம்பலாகிறது, வெள்ளையாகிறது, மஞ்சளாகிறது, பிறகு செம்மை, ஊதா, நீலம், பச்சை. அனுபவமுள்ளவர்கள் நிறத்தைப் பார்த்தே இறுக்கத்தின் அளவைச் சொல்லிவிடுவார்கள்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி வருகிறது. காற்று எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பட்டிருந்தால், அந்தக் கார் கண்ணாடியை நேராகப் பார்க்கும்போது ஒரு புள்ளிகூடத் தெரிந்திருக்காது! தளத்தின் எல்லாத் திசைகளிலும் சமமாக இறுக்கம் இருந்தால் ஒளிக்கு முந்தவோ பிந்தவோ காரணமே இல்லை. குழாய் முனைக்கு நேர் எதிரே பட்ட இடம் கொஞ்சம் சீக்கிரம் ஆறியது, இரண்டு முனைகளுக்கு இடையே இருந்த இடம் கொஞ்சம் தாமதமாக ஆறியது. அந்தச் சிறு வித்தியாசம்தான் புள்ளியாகத் தெரிகிறது. ஆக, நாம் பார்ப்பது ஏதோ ஒரு தொழிற்சாலையில் இருக்கும் காற்றுக் குழாய்களின் வரைபடத்தை! இதைக் குறை என்று நினைத்துக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. கண்ணாடியைப் பதப்படுத்திய அடையாளம் அது. முன்பக்கக் கண்ணாடியில் ஏன் இந்தப் புள்ளிகள் இல்லை என்றால், அது வேறு ஜாதி. இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது.

கூலிங் கிளாஸே இல்லாமலும் சில நேரம் புள்ளிகள் தெரியும் தெரியுமா? நீல வானமே ஒரு போலராய்டு! சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளியிருக்கும் வானப்பகுதியிலிருந்து வரும் ஒளி பெருமளவு தளவிளைவுற்றே வருகிறது. அது கார் கண்ணாடியில் ஏறக்குறைய 57 டிகிரி கோணத்தில் பட்டுத் திரும்பினால், அந்தப் பிரதிபலிப்பே இரண்டாவது வடிகட்டியாகிவிடும். வானம் ஒன்று, கண்ணாடி ஒன்று. ஆய்வுக்கூடத்தில் காசு கொடுத்து வாங்கும் கருவியை இயற்கை நடுரோட்டில் வைத்திருக்கிறது!

பிரதிபலிப்பு ஒளியை வடிகட்டும் என்பதைக் கண்டுபிடித்ததும் ஒரு ஜன்னல் கண்ணாடியால்தான். 1808இல் பாரிஸில் எட்டியென் மாலு, லக்ஸம்பர்க் அரண்மனையின் ஜன்னல்களில் மின்னிய மாலை வெயிலை ஒரு கால்சைட் படிகம் வழியாகப் பார்த்தார். படிகத்தைச் சுழற்றச் சுழற்ற ஒளி கூடிக் குறைந்தது. ஐந்தே ஆண்டுகளில், 1813இல், ஜெர்மனியில் தாமஸ் சீபெக் சட்டென்று ஆறிய கண்ணாடிக் கட்டிகளுக்குள் வண்ணக் கோலங்களைக் கண்டார். ஸ்காட்லாந்தில் டேவிட் புரூஸ்டர் 1815, 1816 ஆண்டுகளில் கண்ணாடியை அழுத்தினாலும் வளைத்தாலும் அதே நிறங்கள் வருவதைக் காட்டினார். கலைடாஸ்கோப்பை உருவாக்கினாரே, அவரேதான்! ஜெர்மானியப் பெருங்கவி கெதேகூட இந்த உள்நிறங்களில் மனதைப் பறிகொடுத்து அவற்றைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

ஆனால் இந்தக் கதையில் என் மனதைக் கவர்ந்த ஆள் ஒரு பள்ளிச் சிறுவன்.

1847. எடின்பரோ நகரம். பதினைந்து வயது ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்லை அவனுடைய மாமா, வில்லியம் நிக்கலிடம் அழைத்துப் போனார். ஒளியை வடிகட்டும் நிக்கல் பட்டகத்தை உருவாக்கிய முதியவர் அவர். அங்கே பார்த்ததை அந்தப் பையனால் மறக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து தானே ஒரு கருவி செய்துகொண்டான். கண்ணாடித் துண்டுகளை வைர முனையால் முக்கோணமாக, சதுரமாக வெட்டினான். ஒவ்வொன்றாகச் சமையலறைக்கு எடுத்துப்போய், அடுப்புத் தீயில் இரும்புத் துண்டின்மேல் வைத்துச் செக்கச்செவேலென்று பழுக்கவைத்தான். பழுத்ததும் இரும்புத் துகள் பரப்பிய தட்டில் போட்டு ஆறவிட்டான். பிறகு கருவி வழியாகப் பார்த்தால் சதுரத்துக்கு ஒரு கோலம், முக்கோணத்துக்கு ஒரு கோலம்! மயில்தோகைக் கண் போல வளையத்துக்குள் வளையம். அந்தக் கோலங்களை நீர்வண்ணத்தில் வரைந்து நிக்கலுக்கு அனுப்பினான். நெகிழ்ந்துபோன நிக்கல், தன் கையால் செய்த இரண்டு பட்டகங்களை அவனுக்குப் பரிசாக அனுப்பிவைத்தார்! 1850இல் எடின்பரோ ராயல் சொசைட்டியில் மேக்ஸ்வெல்லின் ஆய்வுக் கட்டுரை வாசிக்கப்பட்டபோது அவருக்கு வயது 18. திடப்பொருளுக்குள் இறுக்கம் எப்படிப் பரவுகிறது என்பதைக் கணக்காலும் இந்த நிறங்களாலும் ஒப்பிட்டுக் காட்டிய கட்டுரை அது. ஒளியே மின்காந்த அலைதான் என்று பின்னாளில் உலகுக்குச் சொன்ன அதே மேக்ஸ்வெல்! சமையலறை அடுப்பில் தொடங்கியது அந்தப் பயணம்.

இனி, கண்ணாடி உலகின் பெரிய அதிசயத்துக்கு வருவோம். தலையில் சுத்தியலால் அடித்தாலும் உடையாத, வாலைக் கிள்ளினால் பொடிப்பொடியாகும் கண்ணாடித் துளி ஒன்று இருக்கிறது, தெரியுமா?

உருகிய கண்ணாடியைச் சொட்டாக ஒரு வாளித் தண்ணீரில் விட்டால் போதும். தவளைக் குஞ்சு போல உருண்டைத் தலையும் நீண்டு மெலிந்த வாலுமாக ஒரு துளி கிடைக்கும். இளவரசர் ரூபர்ட் 1660இல் இதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்குக் கொடுத்தார். மன்னர் ராயல் சொசைட்டி அறிஞர்களிடம் அனுப்பி, காரணம் கண்டுபிடியுங்கள் என்றார். ராபர்ட் ஹூக் ஒரு அருமையான யோசனை செய்தார். துளி வெடித்தால் தூள் பறந்துவிடுகிறதே, விரிசல் எப்படி ஓடியது என்று எப்படிப் பார்ப்பது? மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைத் துளியின்மேல் மெல்லிய தோலாகப் பூசிவிட்டு வாலை முறித்தார். துளி உள்ளே நொறுங்கியது, துகள்கள் பசையில் அப்படியே நின்றன! 1665இல் வெளிவந்த அவருடைய 'மைக்ரோகிராஃபியா' நூலில் அந்தப் படம் இருக்கிறது. வெளிப்புறம் முதலில் இறுகி, உட்புறத்தைப் பிடித்துவைத்திருக்கிறது என்ற சரியான திசையிலேயே அவர் யோசித்திருந்தார்.

அந்த வெடிப்பு எவ்வளவு வேகம் என்று தெரிந்துகொள்ள முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1994இல் எஸ்.சந்திரசேகர், எம்.எம்.சௌத்ரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவால் படம்பிடித்தார்கள். வாலில் தொடங்கும் விரிசல் நொடிக்கு 1,450 முதல் 1,900 மீட்டர் வேகத்தில் தலையை நோக்கிப் பாய்கிறது! காற்றில் ஒலி செல்லும் வேகத்தைப்போல நான்கைந்து மடங்கு! விரிசல் ஓட ஓடக் கிளை பிரிகிறது, கிளையும் கிளை பிரிகிறது. தலையைச் சேரும்போது மிஞ்சுவது தூள்தான்.

சரி, தலை ஏன் சுத்தியலுக்கு அசையவில்லை? இதற்கான விடையை அளந்து காட்டியது ஒளி! எஸ்டோனியாவின் தாலின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹில்லர் ஏபன், வளைந்த கண்ணாடிப் பொருள்களுக்குள் இருக்கும் இறுக்கத்தைத் தளவிளைவுற்ற ஒளியால் அளக்கும் கலையிலேயே ஆயுளைச் செலவிட்டவர். அவரும் அவருடைய சகாக்களும், சந்திரசேகர், சௌத்ரி குழுவோடு சேர்ந்து துளியை ஒரு திரவத்தில் மூழ்கவைத்தார்கள். துளி உருண்டையாக இருப்பதால் ஒளி கண்டபடி வளைந்துவிடும், திரவத்தில் இருந்தால் நேராகப் போகும். 2016இல் வெளிவந்த முடிவைக் கேளுங்கள்: தலையின் தோலில் இருக்கும் அமுக்கம் 700 மெகாபாஸ்கல் வரை! வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 7,000 மடங்கு! அந்த அமுக்கத் தோலின் தடிமன் தலையின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. அடிபட்டு உண்டாகும் விரிசல் இந்தத் தோலைத் தாண்டி உள்ளே இறங்க முடியாமல் மேலோடு மேலாகவே ஓடி நின்றுவிடுகிறது. வால் மெல்லியது, அங்கே முறித்தால் விரிசல் நேராக வயிற்றின் இழுவிசைக்குள் போய்ச் சேருகிறது. அப்புறம் யார் தடுப்பது?

கையிலிருக்கும் செல்போன் திரையும் இதே சூத்திரம்தான். என்ன, அதற்குக் குளிர்காற்று வேண்டாம், உப்புக் குளியல் போதும்! கண்ணாடியைச் சுமார் 400 டிகிரியில் உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில், அதாவது நம் வெடியுப்பில், ஊறவைக்கிறார்கள். கண்ணாடியில் இருக்கும் சிறிய சோடியம் அயனி வெளியேற, அந்தச் சின்ன இடத்தில் பெரிய பொட்டாசியம் அயனி வந்து உட்கார்ந்துகொள்கிறது. மூன்று பேர் சீட்டில் நான்கு பேர் நெருக்கி உட்கார்ந்த பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த நெருக்கடிதான் வலிமை. அந்த இறுகிய தோலின் ஆழமும் அமுக்கமும் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்க ஆலைகள் நம்புவதும் ஒளியைத்தான்.

இறுக்கம் வேண்டவே வேண்டாம் என்கிற கண்ணாடிகளும் உண்டு. லென்ஸ், தொலைநோக்கி ஆடி போன்றவற்றில் துளி இறுக்கம் மிஞ்சினாலும் ஆபத்து. ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்க வேண்டாமா என்று நம் ஊரில் சொல்வார்களே, அதை உலகிலேயே அதிகம் கடைப்பிடித்தவர்களில் சிலர் அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி ஆலைக்காரர்கள்! கலிஃபோர்னியாவில் பாலோமர் மலைத் தொலைநோக்கிக்காக 200 அங்குல விட்டமுள்ள, சுமார் 20 டன் எடையுள்ள ஆடியை வார்க்க வேண்டும். 1934 மார்ச்சில் வார்த்த முதல் முயற்சியில் அச்சின் பாகங்கள் பெயர்ந்து மிதந்துவிட்டன. அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி வார்த்தார்கள். ஆற எத்தனை நாள் விட்டார்கள் தெரியுமா? பத்து மாதம்! ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கும் குறைவாகச் சூட்டை இறக்கினார்கள். இடையில் 1935 ஜூலையில் ஆற்றில் வெள்ளம் வந்து மின்சாரம் நின்றுபோனது, அதையும் தாண்டி ஆடி பிழைத்தது. கருவில் குழந்தை இருக்கும் காலம் அளவுக்கு ஒரு கண்ணாடி ஆறிக்கொண்டிருந்தது!

இறுக்கத்தை ஒளிக்குக் காட்டவே காட்டாத கண்ணாடியும் இருக்கிறது. ஃபிரெட்ரிக் பொக்கல்ஸ் என்ற ஜெர்மானியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறிந்தது இது. கண்ணாடியில் ஈய ஆக்சைடைக் கூட்டிக்கொண்டே போனால் நிறம் காட்டும் குணம் குறைந்துகொண்டே வந்து, எடையில் சுமார் முக்கால்வாசி ஈய ஆக்சைடு ஆகும்போது ஏறக்குறைய பூஜ்யமாகிவிடுகிறது. அமுக்கினாலும் வாய் திறக்காத கண்ணாடி! துல்லிய ஒளிக்கருவிகளுக்கு அது தங்கம்.

இதற்கு நேர் எதிர், வேண்டுமென்றே இறுக்கத்தைச் செருகிய கண்ணாடி இழை. ஒளி தன் அதிர்வுத் தளத்தை மாற்றாமல் கிலோமீட்டர் கணக்கில் ஓட வேண்டும் என்றால், இழையின் நடுவே ஓடும் ஒளிப்பாதைக்கு இரு பக்கமும் வேறு வகைக் கண்ணாடியில் இரண்டு தண்டுகளைப் புதைக்கிறார்கள். ஆறும்போது அவை கூடுதலாகச் சுருங்கி நிரந்தர இறுக்கம் கொடுக்கின்றன. குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரண்டு பெரிய கண்களோடு பாண்டா கரடியின் முகம்! பெயரே பாண்டா இழைதான்.

கண்ணாடியோடு நிற்கவில்லை இந்த வித்தை. பிரின்ஸ்டன் பேராசிரியர் ராபர்ட் மார்க், பிரான்ஸின் இடைக்காலப் பேராலயங்களை பிளாஸ்டிக் மாதிரிகளாகச் செய்து, காற்றும் எடையும் கல்லை எங்கே அழுத்துகின்றன என்று வண்ண வரிகளில் படித்தார். நம் பக்கத்திலும் பெருமைப்பட ஆட்கள் உண்டு. கொலாஜனின் மும்முறுக்கு வடிவத்தைச் சென்னையிலிருந்து உலகுக்குச் சொன்ன ஜி.என்.ராமச்சந்திரன், அதற்கு முன் வைரத்தை அழுத்தினால் ஒளி என்ன செய்கிறது என்று அளந்தவர். சென்னை ஐஐடியில் பணியாற்றிய பேராசிரியர் கே.ரமேஷ், இந்த வண்ண வரிகளைக் கணினியே படிக்கும் முறையைப் பற்றி உலகம் முழுக்கப் பயன்படுத்தும் நூல் எழுதியவர்.

இதையெல்லாம் நம்ப வேண்டாம், இன்று இரவே வீட்டில் பார்த்துவிடுங்கள். லேப்டாப் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வையுங்கள். எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே வடிகட்டியதுதான். போலராய்டு கூலிங் கிளாஸை ஒரு கண்ணுக்கு முன் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். அப்படியே பிடித்துக்கொண்டு, திரைக்கும் கண்ணுக்கும் நடுவே பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஒளி ஊடுருவும் பாகைமானியைக் கொண்டுவாருங்கள். வானவில் அலையலையாக எழும்! அச்சில் பிளாஸ்டிக் எந்த ஓட்டை வழியாகப் பாய்ந்தது என்பதைக்கூட அந்த அலைகள் காட்டும். அடுத்து தடித்த கண்ணாடி டம்ளர். பதமாக ஆறவைத்த டம்ளர் கிட்டத்தட்ட இருட்டாகவே இருக்கும், அவசரமாக ஆறியது ஓரங்களிலும் அடிப்பாகத்திலும் வெளுக்கும். கண்ணாடிக்குள் கல்துகள் ஏதாவது சிக்கியிருந்தால் அதைச் சுற்றி ஒரு ஒளிவட்டம். பாட்டில் ஆலைகளில் தினமும் நடக்கும் சோதனை இதே கொள்கைதான்.

இரண்டே எச்சரிக்கை. போலராய்டு போட்டிருந்தாலும் சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். கீறல் விழுந்த டஃபன்டு கண்ணாடியைக் கையால் அழுத்திச் சோதிக்காதீர்கள், அதன் வயிற்றில் இருக்கும் இழுவிசை உண்மையானது.

பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டுங்கள். மேக்ஸ்வெல்லுக்குத் தேவைப்பட்ட அடுப்பும் வைர முனையும் அவர்களுக்கு வேண்டாம், ஒரு லேப்டாப்பும் ஒரு கூலிங் கிளாஸும் ஐந்து நிமிடமும் போதும்.